ட்ரேயில் வந்த மாத்திரைகள்

என் வயிற்றுக்குள் ரத்தம் ஓடாமல் நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். வேறு யாரோ ஒருத்தியின் ஃபைலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ரத்தம் நின்றால் ஆள் போய்ச் சேர வேண்டும். நானோ கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் கையிலிருந்து சீப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அப்போது பிடித்த பயம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இப்போது நடக்கிறேன், சோறாக்குகிறேன், பம்ப்பில் தண்ணீர் பிடிக்கிறேன். தெருவில் கேட்கிறவர்களிடம் ‘வயித்து வலி, சரியாப் போச்சு’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். முழுக்கதையையும் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. ஒரு பக்கத்து வீட்டம்மா ‘வயித்துல எப்டிடீ ரத்தம் கட்டும், அடிபட்டாத்தான கட்டும்’ என்று என்னையே குறுக்குக் கேள்வி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாது. என்னைப் போல லைனில் உட்காருகிற பெண்கள் படித்தால் போதும் என்று இதை எழுதுகிறேன்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பேர். ஒருத்தி நாக்கை வைத்துத் தைப்பாள், அடுத்தவள் பின்பக்கத்தைச் சேர்ப்பாள், அதற்கடுத்தவள் ஓரம் மடிப்பாள். தைத்து முடித்தது பிளாஸ்டிக் ட்ரேயில் ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் ட்ரே தேங்கிவிடும். அவளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தைக்கப் பீஸ் இருக்காது. சூப்பர்வைசர் வந்து தலைக்கு மேலே நிற்பார்.

அதனால் எங்கள் லைனில் உடம்பு சரியில்லை என்று யாரும் எழுந்து மருந்து தேடிப் போவதில்லை. மருந்து எங்களைத் தேடி வரும். தலைவலி என்று பக்கத்து மெஷின்காரியிடம் வாயசைத்தால் போதும். சேதி அப்படியே மேலே போகும். கொஞ்ச நேரத்தில் வருகிற ட்ரேயில், அப்பருக்கு நடுவே, கத்தரித்த மாத்திரை அட்டை ஒன்று கிடக்கும். கடலை மிட்டாய், ஹேர்பின், பிறந்தநாள் சாக்லேட் எல்லாம் அந்த வழியில்தான் வரும். யார் போட்டது என்று கேட்கிற பழக்கம் இல்லை. கேட்டால் தேங்க்ஸ் சொல்ல வேண்டும், அதற்கெல்லாம் ஏது நேரம்.

ஷிப்மெண்ட் நெருக்கத்தில் எனக்கு வலி வந்தது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் வலது பக்கம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால் எங்கள் லைனில் ஒரே காரணம்தான். தூரமாகிற நாளா என்று கேட்டார்கள், இல்லை என்றேன், அப்போ தள்ளிப்போகிற வலி என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். சாப்பிட்டதை வாந்தி எடுத்தேன். பசை ஒட்டுகிற மேஜை எங்கள் பின்னால்தான் இருக்கிறது, அந்த சொல்யூஷன் வாடைக்கு வாந்தி வராத நாள் கிடையாது என்பதால் அதையும் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாத்திரை வந்தது. வெள்ளையில் ஒன்று வந்தது. போட்டேன். வலி விடவில்லை என்று சேதி போனதும் நீளமாக ஒன்று வந்தது. மறுநாள் பாதி சிவப்பும் பாதி கறுப்புமாகக் கேப்சூல் வந்தது. ஒருத்திக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்ததில் மிச்சம், ஒருத்தியின் பிள்ளைக்குத் தொண்டை கட்டியபோது வாங்கியதில் மிச்சம், ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்தபோது தின்றதில் மிச்சம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என் வயிற்றுக்குள் போனது. அந்த வாரக் கடைசியில் வலி குறைந்தே விட்டது. ஷிப்மெண்டும் போனது. என்னைப் பார்த்து எல்லாரும் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன்.

குளிர் ஜுரம் அதற்கு அப்புறம்தான் வந்தது. சாயங்காலமானால் பல் தந்தியடிக்கும். வீட்டில் இருக்கிற போர்வை, பெட்ஷீட், மடித்து வைத்த துணி எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் என் மேல் போட்டு அமுக்குவார். அப்படியும் கட்டில் ஆடும். அவர் பெயர் பழனி. டேனரியில் டிரம் ஓட்டுகிறார், தோலைப் பதப்படுத்தச் சுழலவிடுகிற மரப் பீப்பாய் அது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவரும் நானும்தான். அதிகம் பேசுகிற மனுஷன் இல்லை. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன்.

தெருமுனை டாக்டர் ஊசி போட்டார், வைரஸ் காய்ச்சல், நாலு நாளில் போய்விடும் என்றார். போகவில்லை. என் கண் மஞ்சளானது. அமுதா அண்ணி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, குடியாத்தத்திலிருந்து பார்க்க வந்தவர், என் இமையை இழுத்துப் பார்த்ததுமே காமாலை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் ஒருவர் காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறார், எங்கள் பக்கத்தில் பாதி சனம் அவரிடம் போய்த்தான் வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பில்லாமல் எண்ணெய் இல்லாமல் பத்தியம் இரு என்றார். இருந்தேன். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் பாத்ரூமில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அண்ணியிடம்கூடக் கேட்கவில்லை. வெளியே போய் ஒரு காரைக் கூட்டிவந்து, என்னைத் தூக்கி உட்காரவைத்து, வேலூருக்கு விடு என்றார்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்கிற ஹாலில் வங்காளத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு நாள் ரயிலில் வந்தவர்கள். நாங்களோ பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை நாள் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தபோது எனக்கே அவமானமாக இருந்தது.

பரிசோதனைகள் தொடங்கின. ரெண்டு கையிலும் ரத்தம் எடுத்துச் சின்னச் சின்ன பாட்டில்களில் விட்டார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்த பாட்டிலில் வளரும், வளர்ந்தால் எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பார்களாம். வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்த பெண் ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். போய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். அவரும் அதே இடத்தில் அழுத்தினார். அதற்கப்புறம் சி.டி. ஸ்கேன். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றியதும் தொண்டையிலிருந்து அடிவயிறுவரை சுடுதண்ணீர் இறங்குகிற மாதிரி இருந்தது. படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டேன் என்று நினைத்து வெட்கத்தில் செத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம், முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

அன்று மத்தியானம்தான் டாக்டரம்மா வந்து அந்தச் செய்தியைச் சொன்னார். நடுவயசு, கண்ணாடி போட்டவர், எதையும் மூடி மறைக்காமல் பேசுகிறவர். நான் சிரித்த கதையை மேலே சொல்லிவிட்டேன். ரெண்டாவது தடவை அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

குடலிலிருந்து திரும்புகிற ரத்தமெல்லாம் ஒரு பெரிய சிரையில் சேர்ந்து ஈரலுக்குப் போகிறது. தின்றதில் இருக்கிற சத்தை ஈரலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி அது. எனக்கு முதலில் வந்த வலி குடல்வால் வீங்கிய வலி, அப்பெண்டிக்ஸ் என்கிறார்களே அது. அதில் சீழ் பிடித்து லேசாக வெடித்திருக்கிறது. பாதி பாதியாகப் போட்ட மாத்திரைகளில் வலி அடங்கிவிட்டது, சீழ் அடங்கவில்லை. அந்தக் கிருமி சின்னச் சிரைகள் வழியாக ஏறிப் பெரிய சிரைக்கு வந்து, அதன் சுவரைப் புண்ணாக்கி, அங்கேயே ரத்தத்தை உறைய வைத்துவிட்டது. உறைந்த கட்டிக்குள்ளும் கிருமி. அதிலிருந்து கொஞ்சம் ஈரலுக்குப் போய் அங்கங்கே சீழாக உட்கார்ந்திருக்கிறது. கண் மஞ்சளானது அதனால். இதற்குப் பைலிஃப்ளபைட்டிஸ் என்று ஒரு பெயர் சொன்னார். அபூர்வமாக வருகிற நோய் என்றார். இவ்வளவு அபூர்வமானது என்னைத் தேடித்தான் வர வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது.

“அந்தக் கட்டி கரையுமா?” என்று கேட்டேன்.

“கரையணும். கரையாம பின்னால குடல் பக்கம் வளர்ந்தா, குடல்லேர்ந்து ரத்தம் வெளியே வர வழியில்லாமப் போயிடும். அப்போ குடல் அழுகும். அழுகின குடலை வெட்டித்தான் எடுக்கணும். அந்த நெலமையில நீங்க ஆபரேஷனைத் தாங்குவீங்களான்னு எங்களால சொல்ல முடியாதும்மா.”

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் லைன்தான். ஒரு மெஷின் நின்றால் பின்னால் ட்ரே தேங்குகிற மாதிரி என் ரத்தம் தேங்கி நிற்கிறது. சூப்பர்வைசர் வந்து கத்தி ஓடவைக்கிற சமாச்சாரம் இல்லை இது. டாக்டரம்மா என் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார் என்றார். வாயில் தண்ணீர்கூட வைக்கக்கூடாது என்று கட்டிலில் போர்டு மாட்டியிருந்தது.

அதற்கப்புறம் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ரத்தம் மேலும் உறையாமலிருக்கக் காலையிலும் மாலையிலும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி. போட்ட இடமெல்லாம் நீலம் பூத்தது. கிருமிக்கு நரம்பு வழியாக பாட்டில் பாட்டிலாக மருந்து ஏறியது. ஆனாலும் சாயங்காலமானால் குளிர் வந்துவிடும். அது வருகிற நேரத்துக்கு முன்னாலேயே எனக்குப் பயம் வந்துவிடும். தூங்கினால் எழுந்திருப்பேனோ மாட்டேனோ என்று கண்ணை மூடாமல் கிடப்பேன். பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அத்தனை பயந்தேன்.

அண்ணி அடுப்பு, மாடு எல்லாவற்றையும் மகனிடம் விட்டுவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கிடந்தார். பச்சிலைக்குக் கூட்டிப்போனதை ஒரு நாளும் பேசவில்லை, ஆனால் என் காலை அமுக்குகிற கையை எடுக்கவே இல்லை. வீட்டுக்காரர் டேனரி வாடை வார்டுக்குள் வரக்கூடாது என்று, வேலை முடித்துக் குளித்து, வேலூர் வந்து ஆஸ்பத்திரிக் குழாயில் இன்னொரு தடவை குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சீயக்காய் வாசத்தோடு வந்து நிற்பார். பில் பற்றிக் கேட்டால் ‘அத நான் பாத்துக்கறேன், நீ கம்முனு படு’ என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு காலையில் டாக்டரம்மா வந்து என்னிடம் நேராகக் கேட்டார். பாட்டிலில் விட்ட ரத்தத்தில் எதுவுமே வளரவில்லை. கிருமி இல்லாததால் அல்ல, ஏற்கெனவே நான் தின்ற ஏதோ ஆன்டிபயாடிக் அதை அரைகுறையாக அடித்து வைத்திருக்கிறது. அதனால் எந்தக் கிருமி, எதற்குச் சாகும் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது ஏற்றுகிற மருந்து நான் தின்றதன் ஜாதியாகவே இருந்தால், கிருமி அதற்குப் பழகிப்போயிருக்கும். “வர்றதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க? பேர் தெரிஞ்சா எங்களுக்குப் பெரிய உதவி” என்றார்.

வெள்ளை, நீளம், பாதி சிவப்பு பாதி கறுப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கத்தரித்த அட்டையில் பெயர் எங்கே முழுதாக இருக்கிறது? டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கம்பெனி கேட்டுக்குப் போனார், ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு. எங்கள் லைன் பெண்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறும்போது கேட்டிருக்கிறார், ரேவதிக்கு நீங்க இன்னா மாத்திர குடுத்தீங்க என்று. நான் எதுவும் கொடுக்கவில்லை என்று முதலில் ஒருத்தி சொன்னாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். என் பக்கத்து மெஷின்காரி, இத்தனை வருஷம் என் டிபனில் கைவைத்துத் தின்றவள், அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். வேன் கிளம்பிப் போய்விட்டது. அவர் அதை அப்படியே வந்து சொன்னார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

நோயைக் கேட்டதைவிட அது எனக்குப் பெரிய அடியாக இருந்தது. ட்ரேயில் போட்டபோது இருந்த கை இப்போது எங்கே போனது? ஒருத்திக்கொருத்தி உயிரையே கொடுப்போம் என்று டீ டைமில் பேசுகிற சனம், ஒரு மாத்திரையின் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்கிறதே. கட்டிலில் கிடந்தபடி அத்தனை பேரையும் வாயில் வந்தபடி ஏசினேன். அண்ணி ‘வாணாம்மா, ஊசி போட்ட கையி’ என்று வாயைப் பொத்தினார். என் கையில் ஊசி இருப்பதற்கும் என் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஷகிலாக்கா வந்தார். எங்கள் லைனில் கடைசி மெஷின், வாணியம்பாடியிலிருந்து தினமும் வருகிறவர், எங்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு, புர்காவோடு வியர்த்து வழிய வந்து நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து என் மடியில் வைத்துத் திறந்தார். சோறு இல்லை. உள்ளே முழுக்க மாத்திரை அட்டைகள், கத்தரித்தது, கிழித்தது, கசங்கியது, ஒன்றில் இன்னும் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“நீ ஆஸ்பத்திரியில சேந்தது தெரிஞ்சதுமே சூப்பர்வைசர் லைன்ல வந்து சொல்லிட்டுப் போனான், ரேவதிக்கு யார் மாத்திர குடுத்தாங்கன்னு தெரிஞ்சா அவள வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு. போலீஸ் கேஸு ஆவும்னு வேற எவனோ கெளப்பி விட்டுட்டான். அதான் உன் வூட்டுக்காரு கிட்ட எவளும் வாய தொறக்கல. நேத்து ராத்திரி ஒருத்திக்கும் சோறு எறங்கல, தெரியுமா உனுக்கு?” என்றார். “இன்னிக்கு லஞ்ச் டைம்ல இந்த டப்பாவத் தொறந்து பாத்ரூம் ஜன்னல்ல வெச்சிட்டு வெளிய நின்னுக்கினேன். உள்ள போறவ அவ குடுத்தத போட்டுட்டு வரட்டும், நான் பாக்க மாட்டேன்னு சொன்னேன்.”

டாக்டரம்மா வந்தார். ஷகிலாக்கா எழுந்து நின்று டப்பாவை ரெண்டு கையாலும் நீட்டினார்.

“யார் குடுத்தாங்கன்னு கேக்காதீங்க டாக்டர். இன்னா குடுத்தாங்கன்னு மட்டும் பாருங்க.”

டாக்டரம்மா அட்டைகளை என் கட்டிலிலேயே கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பி, கிழிந்ததோடு கிழிந்ததைச் சேர்த்துப் படித்தார். வலி மாத்திரைகளைத் தனியாகத் தள்ளினார், வலியை மறைத்தது அதுதான். மீதியில் ஒன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு ஏற்றிக்கொண்டிருக்கிற மருந்தும் அதுவும் ஒரே ஜாதி. அதைப் பாதி நாள் தின்றுவிட்டு விட்டிருக்கிறேன். கிருமி அதோடு சண்டை போட்டுப் பழகியிருக்கிறது.

“இவ்வளவும் ஒரே ஆளா சாப்பிட்டீங்க?” என்றார் என்னைப் பார்த்து.

நான் தலையாட்டினேன். ஷகிலாக்கா குறுக்கே பேசினார். “அவ மட்டும் இல்ல டாக்டர். நாங்க எல்லாருமே இப்டித்தான். அவளுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சி, எங்களுக்கு இன்னும் ஆவல.”

டாக்டரம்மா அந்த அட்டையை மட்டும் கோட் பையில் போட்டுக்கொண்டார். யார் கொடுத்தது என்றும் கேட்கவில்லை. அன்று மாலையே மருந்தை மாற்றினார்கள். முதல் சாயங்காலம் குளிர் வந்தது, ஆனால் கட்டில் ஆடவில்லை. அதற்கடுத்த சாயங்காலம் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வார்டில் விளக்கு போட்டார்கள், சாப்பாட்டு வண்டி வந்தது, போனது, அப்போதும் வரவில்லை. நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு மறுபடி உதறிவிட்டு வைத்தாள். அவளாலும் நம்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணி ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தமாகக் கொட்டாவி விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. கட்டி குடல் பக்கம் வளரவில்லை. வாரக்கணக்கில் மருந்து ஏறியது. ஈரலில் இருந்த சீழ் வற்றியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்துக் கூப்பிட்டுக் குடல்வாலை எடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன், வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகிறது. போன தடவை ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒன்று சொன்னார். பெரிய சிரை முழுதாகத் திறக்கவே இல்லையாம். அது அடைத்தது அடைத்தபடி இருக்க, அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிரைகள் தாமாகவே முளைத்து ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். பலர் பல வருஷம் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். நான் தூங்கும்போதும் என்னைக் கேட்காமலே வழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது இந்த உடம்பு. அதைத்தான் நான் வெள்ளை மாத்திரையையும் நீள மாத்திரையையும் போட்டு அடக்கப் பார்த்தேன்.

லைன் பெண்கள் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெண்டு மூணு பேராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவளிடமெல்லாம் பையைத் திறந்து காட்டச் சொல்லுகிறேன். மிச்சம் வைத்த அட்டை இருந்தால் அவர்கள் எதிரிலேயே எடுத்துக் குப்பையில் போடுகிறேன். திட்டுகிறார்கள். திட்டட்டும்.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. முதல் தடவை வீட்டுக்கு வந்த மறுநாள் நடந்தது அது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெரிய பையைத் துவைப்பதற்காகக் காலி செய்தேன். நைட்டி, துண்டு, ஃபிளாஸ்க், டம்ளர். எல்லாவற்றுக்கும் அடியில் பேப்பர் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம். பிரித்தால் என் கல்யாணப் புடவை, அரக்குச் சிவப்பில் சரிகை போட்டது. நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பட்டுப் புடவை எதற்கு என்று கூப்பிட்டுக் கேட்க வாயைத் திறந்தேன், திறந்தபோதே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம், புருஷன் இருக்கையில் போய்விடுகிற பொம்பளைக்குக் கல்யாணப் புடவையைத்தான் கட்டி அனுப்புவார்கள்.

அவர் வாசலில் உட்கார்ந்து வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். புடவையோடு போய் எதிரில் நின்றேன். வெளியே நாலு பேர் முன்னால் அவரை நான் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன். அன்று அதெல்லாம் நினைவில்லை.

“இத எப்ப எடுத்துனு வந்த?”

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

“அந்த பெரிய ஸ்கேன் எடுத்த அன்னிக்கு. இன்னிக்கு ராத்திரி எப்டிப் போவுமோ சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா தனியா கூப்ட்டு சொன்னாங்க. அக்காதான் சொல்லிச்சி, நம்ம வூட்டுக்குப் போயி எடுத்தாந்துடு, அந்த நேரத்துல அலைய முடியாதுன்னு. போயி எடுத்தாந்தேன்.”

“அப்றம் ஜொரம் வுட்டுடுச்சே. வூட்ல கொண்டாந்து வெக்கிறதுதான?”

“வூட்ல வெச்சிட்டா, மறுபடியும் போயி எடுத்தார மாதிரி ஆய்டுமோன்னு பயந்தேன். அதான் கட்டிலுக்கு அடியிலயே வுட்டுட்டேன்.”

அத்தனை நாளும் நான் அதற்கு மேலேதான் படுத்திருந்தேன். புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொட்டலத்தில் வேறெதுவும் இல்லை.

“ஜாக்கெட் எங்க?”

“அது எனுக்குத் தோணல.”

“பின்ன இன்னாத்தப் போட்டு அனுப்பறதா இருந்த என்ன?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். எண்ணெய்க் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதார். ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அழாத மனுஷன். பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் புடவையைத் திரும்ப மடித்துப் பெட்டியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கல்யாண ஜாக்கெட் இப்போது எனக்கு எங்கே பத்தும்? குளித்துவிட்டு, கம்பெனிக்குப் போட்டுப்போகிற பழைய சிவப்பு ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் அதைக் கட்டிக்கொண்டுதான் அவருக்குக் குழம்பு வைத்தேன்.